படிக்கட்டின் அடியில் ஓர் இரைச்சல்



சென்ற கோடையில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பாட்டியாரின் பாயும் தலையணையும் திண்ணையில் கிடக்கக் கண்டு, "காற்றுக்காகவா, அம்மா?" என்று வினவினேன். "இல்லை, சாமி. உள்ளே பெட்டி இரைகிறது. பேரனுடைய பிழைப்பு அதில்தான் இருக்கிறதாம். நான் இங்கே படுத்துக்கொள்கிறேன்" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனியே இல்லை. அதுவே என் நெஞ்சை உறுத்தியது.

படிக்கட்டின் அடியில், இன்வெர்ட்டருக்கு மேலிருந்த பலகையில், அந்தப் பெட்டி வீற்றிருந்தது. அது 24 போர்ட்டுகள் கொண்ட நெட்வொர்க் சுவிட்ச். வீட்டிலிருந்தே கணினிப் பணி புரியும் பேரன், அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை மலிவாக வாங்கியிருந்தான். இத்தகைய கருவிகள், ஆள் நடமாட்டமற்ற தனியறையில் அடுக்கி வைப்பதற்கென்றே செய்யப்படுபவை. அவற்றின் உயரம் ஏறத்தாழ 44 மில்லிமீட்டரே. ஆதலால் 40 மில்லிமீட்டர் விசிறிதான் அதனுள் அடங்கும். சிறிய இதழ்கள் போதிய காற்றைத் தள்ள வேண்டுமெனில், நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல வேண்டும். செவியைத் துளைக்கும் கீச்சொலி அங்கிருந்தே பிறக்கிறது.

பாட்டியார் திண்ணைக்குச் சென்ற காரணத்தை அறிந்த பேரன் வெட்கமுற்று, அன்றிரவே விசிறியின் கம்பியைப் பிடுங்கிவிட்டான். வீடு அமைதியுற்றது. ஆனால் இரண்டே நாளில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பெட்டியின் மூடியைத் தொடவும் இயலவில்லை. நல்ல எண்ணத்தால் விளைந்த பிழை அது. கருவியினுள் இருக்கும் மின்தேக்கிகளின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. பெட்டியைத் துணியால் மூடுவதும், காற்றுப் புகாத அலமாரியில் அடைப்பதும் இதே தீங்கையே விளைவிக்கும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், ஒலி எங்கிருந்து வருகிறதென்று கண்டறிய வேண்டும். அவ்வீட்டில் விசிறியின் கீச்சொலி ஒன்று. பலகையின் உறுமல் மற்றொன்று. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. இன்வெர்ட்டரிலுள்ள மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை நுண்ணளவில் அதிர்வதால், 100 அதிர்வுள்ள உறுமல் எழுகிறது. பலகை அதனைப் பெருக்குகிறது. இன்வெர்ட்டரைத் தரையில் இறக்கி, அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை வைத்தவுடன் உறுமல் தணிந்தது.

இரண்டாவதாக, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தூசியை மென்மையான தூரிகையால் அகற்ற வேண்டும். தூசி படிந்த கருவி வெப்பமுறும்; வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் விசிறியாயின் மேலும் விரைந்து சுழலும். மின்சாரம் நின்ற பின்னும் மின்வழங்கிப் பகுதியில் மின்னேற்றம் தங்கியிருக்குமாதலால், பயிற்சியற்றோர் அதனைத் திறத்தலாகாது.

மூன்றாவது வழி, விசிறியை மாற்றுவது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஒலி பாதியானதாகத் தோன்றும். ஆனால் இரண்டு விசிறிகளில் ஒன்றை நிறுத்துவதால் 3 டெசிபலுக்கு மேல் பயனில்லை. காற்றை மட்டும் பெரிதும் இழக்கிறோம். எனவே, பெட்டி குளிர்ச்சியாக இருக்குமெனில், மெதுவாகச் சுழலும் நல்ல விசிறியைப் பொருத்தலாம். அதன் மின்னழுத்தமும் கம்பிகளின் வரிசையும் பழையதோடு ஒத்திருத்தல் அவசியம். வேகம் குறைந்தால் சில கருவிகள் அபாய அறிவிப்பு எழுப்பும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, "தம்பி, இதில் எத்தனை கேபிள் செருகியிருக்கிறாய்?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தான்: ஐந்தே! 24 போர்ட்டுகளில் 19 வெறுமையாயிருந்தன. ஐந்து கேபிள்களுக்கு விசிறியே இல்லாத 8 போர்ட் சுவிட்ச் போதுமன்றோ? உள்ளங்கையை விடச் சற்றே பெரிய அச்சிறு பெட்டி மறுவாரமே வந்தது. பழையது மீண்டும் விற்பனைக்குச் சென்றது.

உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உறங்கும் அறையில் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று குறித்தது. நம் வீடுகளில் அதனை அளக்கும் கருவி இல்லை. ஆயினும், முதியோரின் பாய் எங்கே விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கக் கண்கள் உண்டு. வீட்டுக்குள் ஒரு கருவியைக் கொணருமுன், அதனருகே உறங்குபவர் யாரென்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களாகவே வந்து சொல்லமாட்டார்கள். நாமே கேட்க வேண்டும்.

அண்மையில் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். திண்ணை வெறுமையாயிருந்தது. பாட்டியார் உள்ளே நண்பகல் உறக்கத்தில் இருந்தார். அவரை எழுப்பாமலே திரும்பினேன்.