எல்லை காத்த ஆட்டக்காரர்

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். மூலைக்கு ஒன்றாக நான்கு தளங்கள் அமைந்த சதுரமே அதன் களத்தின் நடுவிடம். பந்தை மட்டையால் அடித்தவன், தளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் புறப்பட்ட இடத்திற்கே மீள்வானாயின் ஓர் ஓட்டம் கிடைக்கும். சதுரத்திற்கு அப்பால் விரிந்து கிடக்கும் புல்வெளியை மூவர் காப்பர். அவருள் நடுவில் நிற்பவர் காக்கவேண்டிய பரப்பே மிகப் பெரிது. அடித்த பந்து நிலத்தைத் தொடுமுன் அவர் அதனைக் கையுறையில் பற்றிவிட்டால் அடித்தவன் ஆட்டமிழப்பான்.

அந்த நடுவிடத்தில் நின்று புகழ்பெற்றவர் கேரி பெட்டிஸ் என்பவர். 1958ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரில் பிறந்த இவர், 1982 முதல் 1992 வரை அந்நாட்டின் முதல்தர அணிகளில் ஆடினார். மட்டை பிடிப்பதில் இவரை வல்லவர் என்று சொல்ல இயலாது. ஆயிரம் முறை அடித்தால் 236 முறையே பயன் கிட்டியது என்னும் அளவில் அமைந்தது இவர் கணக்கு. பதினொரு பருவங்களில் இவர் அடித்த ஹோம்ரன்கள் 21 மட்டுமே. ஓட்டத்தில் மட்டும் இவர் சூரர். பந்தெறிபவர் அயர்ந்த நேரம் பார்த்து அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதில் 354 முறை வெற்றி கண்டார். இதனை அவ்வாட்டத்தில் 'களவு' என்பர்; பெயர்தான் களவு, குற்றமன்று.

எடுத்த ஓட்டம் ஏட்டில் ஏறும். எடுக்கவொட்டாமல் தடுத்த ஓட்டம் ஏறுவதில்லை. மட்டையில் பட்ட ஒலி கேட்ட கணத்திலேயே பந்து வீழும் இடத்தை உய்த்துணர்ந்து, முதுகு காட்டி ஓடி, எல்லைச் சுவரின் அருகில் அதனைப் பற்றுபவரின் உழைப்பை எண்ணால் அளப்பது அரிது. ஆயினும் அறிந்தோர் கண்ணுக்கு அது தப்பவில்லை. அணித் தலைமைப் பொறுப்பாளரும் பயிற்சியாளரும் தேர்ந்தளிக்கும் தங்கக் கையுறை விருது 1985, 1986, 1988, 1989, 1990 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் பெட்டிசுக்குக் கிடைத்தது.

ஆடுவதை விட்டபின் அவர் பயிற்சியாளர் ஆனார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியில் பணியாற்றி, 2015 முதல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் மூன்றாம் தளத்தின் அருகில் நிற்கும் பயிற்சியாளராக விளங்கினார். அப்பணி எளிதன்று. ஓடிவரும் தம் அணியினன் பந்து கிடக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தால் வேகம் குன்றும். எனவே பயிற்சியாளரின் கையையே நோக்கி வருவான். பந்தை எடுப்பவர் எத்திசை நோக்கி ஓடுகிறார், அவர் தோளின் வலிமை எவ்வளவு, எறிந்த பந்து எப்பொழுது வந்து சேரும் என்பவற்றை நொடிப்பொழுதில் கணித்து, 'ஓடு' என்றோ 'நில்' என்றோ கை காட்டவேண்டும். கணிப்புப் பிழைத்தால் பழி அவருக்கே. பலித்தால் புகழ் ஓடியவனுக்கு. முன்னர்ப் புல்வெளியில் நின்று எறிந்தவர், இப்பொழுது எதிரணியினர் எறியும் பந்தின் வரவை அளந்தார்.

ஆஸ்ட்ரோஸ் அணி 2017ஆம் ஆண்டில் உலகத் தொடரை வென்றது. எதிரணியினரின் கைக்குறிகளை அவ்வணி முறைதவறி அறிந்தது பின்னர் வெளிப்பட்டமையால் அவ்வெற்றியில் மாசு படிந்தது. 2020ஆம் ஆண்டில் பெட்டிசுக்கு எலும்பு மச்சையில் புற்றுநோய் கண்டது. மருத்துவம் பெற்று, 2021ஆம் ஆண்டில் மூன்றாம் தளத்தின் அருகில் மீண்டும் வந்து நின்றார். அடுத்த ஆண்டு அவ்வணி மறுமுறையும் உலகத் தொடரை வென்றபொழுதும் அவர் அங்கேயே நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.