ஆணி இல்லை, தையல்தான்! வீட்டிலேயே கட்டலாம் படகு

மூலக்கொத்தளம் போன்ற நெருக்கடியான பேட்டையிலும், நீளமான கூடம் ஒன்று கிடைத்தால் படகு கட்டலாம். ஆணி வேண்டாம். பலகையைத் தைத்தால் போதும்! "தைக்கிறதுக்கு இது என்ன ஜிப்பாவா?" என்று கேட்கத் தோன்றும். விவரம் வருமாறு:-

"கயாக்" என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. மேல்நாடுகளில் இதற்கான பலகைகளை அளவாக வெட்டி, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சுமார் 4 மில்லிமீட்டர் பிளைவுட்தான். ஓரத்தில் துளை போட்டு, தாமிரக் கம்பியைக் கோர்த்து முறுக்கினால், தட்டைப் பலகை வளைந்து படகாக எழுந்து நிற்கும். மூட்டுகளில் எபாக்சி பசை பூசி, இறுகியதும் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, கண்ணாடி இழைத் துணி ஒட்டுவார்கள். 16 அடி படகு 20 கிலோ அளவில்தான் இருக்கும். ஒரே ஆள் தோளில் தூக்கிப் போகலாம்.

இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பவர் கயாக்குக்காகக் கண்ட முறை இது. 1963-ல் "டெய்லி மிர்ரர்" பத்திரிகையின் பெயரிலேயே வந்த "மிர்ரர்" பாய்மரப் படகும் இதே தையல்தான். அது 70 ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது!

நம்ம ஊர் தையல்

நமக்கு இது புதுசா? இல்லவே இல்லை. சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த படகை நொறுக்கும் அலை, இதை வளைக்கும், அவ்வளவுதான்.

1980-களில் பெரிய மரங்கள் அருகி விலை ஏறியபோது, குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜிலே என்ற ஐரோப்பிய என்ஜினீயர், பிளைவுட்டைத் தைத்து மீன்பிடி படகு கட்ட வழி காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

உஷார்!

ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாடிப்படியை அளக்க வேண்டும். 16 அடி படகு அதில் திரும்பாது! பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலமாரிப் பலகை தண்ணீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பசையை மூடிய அறையில் கலக்கக் கூடாது. மொத்தமாகக் கலந்தால் டப்பாவே சூடேறிப் புகையும்.

கட்டுமரம் முழுக் கட்டை. கவிழ்ந்தாலும் மூழ்காது. கயாக் வெறும் கூடு. அதனால் முன்னும் பின்னும் காற்றுப் புகாத அறை அடைக்க வேண்டும். லைப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே கூடாது. கடலுக்குப் போகுமுன், இடுப்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நீர் நிரம்பிய பிறகும் மிதக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.