கரணம் பயில்வோரும் வன்மைப் பயிற்சியும்

செஞ்சிப் பகுதியிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவையின்றி மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டிற் குடைவித்த கோயிலைக் கண்டோர், அதன் வாயிற்காவலரின் திரண்ட தோள்களை மறவார். செஞ்சிக் கோட்டையிலும் தேகப்பயிற்சிக் கூடம் ஒன்று இன்றும் காட்டப்படுகின்றது. போர்வீரன் உடலை வன்மைப்படுத்திய காரணம் வெளிப்படை. அவன் உயிரே அதனைச் சார்ந்திருந்தது. கல்லூரியில் ஜிம்னாஸ்டிக் பயிலும் மாணாக்கன் தண்டாலும் பஸ்கியும் எடுப்பதும், பளு தூக்குவதும் யாது கருதி?

யாம் கண்ட அளவில், அவன் இவற்றை நாடி வந்தவனல்லன். கம்பத்திற் சுழலவும் அந்தரத்திற் புரளவுமே வந்தவன். ஆசிரியருக்கு அஞ்சிச் செய்பவன், அவர் அப்பாற் சென்றதும் எண்ணிக்கையிற் பாதியை விழுங்கிவிடுவான். (எம்முள்ளும் விழுங்கியவர் உண்டு.) கண்ணாடியில் தன் புயங்களைக் கண்டு மகிழ்பவன் சில திங்கள் தொடர்வான், தோழரோடு கூடிச் செய்பவன் இன்னுஞ் சிறிது காலம். தளராது நிற்பவனோ, இப்பயிற்சி இன்ன கரணத்திற்கு உதவும் என்று தன் உடலாலேயே உணர்ந்தவன். உயரத்தினின்று குதித்திறங்குங்கால் கால்கள் தாங்கும் விசை உடலெடையிற் பன்மடங்காம். தொடையும் இடுப்பும் வலுவற்றிருப்பின் அவ்விசை முழங்காலையும் கணுக்காலையும் தாக்கும். கணுக்கால் பிசகிப் பல வாரங்கள் கட்டிலிற் கிடந்த நண்பரொருவர், எழுந்து நடமாடிய பின்னர்ப் பஸ்கியில் ஒன்றேனும் குறைத்ததை யாம் கண்டிலேம்.

அகர்த்தலாவில் தோன்றிய தீபா கர்மாகர் தட்டைப் பாதங்களோடு இக்கலையிற் புகுந்தவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியில் அவர் 'புரோதுனோவா'வைச் செய்தார். கையூன்றி எழும்பி, முன்னோக்கி இருமுறை கரணமிட்டு, நிலத்தைக் காணாமலே இறங்குவது அது. சுழற்சி குறையின் கழுத்துக்கே கேடு. 15.066 புள்ளிகளோடு நான்காமிடம் பெற்றார், மூன்றாமிடத்தை 0.150 புள்ளியில் இழந்தார். இத்தகையார்க்கு வன்மைப் பயிற்சி, போர்வீரனுக்குப் போலவே, உயிர்க் காவலன்றோ?

விழுப்புரத்தில் மல்லர்கம்பம் ஏறும் சிறுவர்க்கு இவ்விளக்கம் வேண்டுவதில்லை. பிடி தளரின் அக்கணமே கம்பத்தினின்று வழுக்குவர். நம் மாணாக்கனுக்கோ பஸ்கியின் பயன் பல திங்கள் கழித்தே தெரியும். ஆதலின் பயிற்சி அட்டவணையில் வெறும் எண்களை எழுதாது, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எக்கரணத்திற்கு என்று குறித்து வைக்குமாறு பயிற்றுநரை வேண்டுகின்றோம்.