அறுந்த இணைப்பு

கையடக்க விளையாட்டுக் கருவி திடீரென நின்றுபோனால் பாட்டரியைக் குறை கூறுகிறோம். சில வேளைகளில் பழுது, பாட்டரியை மதர்போர்டுடன் சேர்க்கும் சிறு கனெக்டரில் இருக்கும். 2017இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்சில் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பாட்டரி. அதன் வயரைப் பிடித்து இழுத்தால், கனெக்டர் போர்டிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும்.

இதைச் சரிசெய்பவர் முதலில் பாட்டரியைக் கழற்றிவிடுவார். ஈயப்பற்றை உருக்கிப் பழைய கனெக்டரை எடுத்து, புதியதைப் பற்றவைப்பார். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். அடியிலுள்ள செப்புத்தடம் பெயர்ந்திருந்தால் மெல்லிய கம்பியால் இணைப்பார். கடைசியாக மீட்டர் வைத்து நேர், எதிர் முனைகளைச் சோதிப்பார். முனை மாறினால் போர்டு பாழாகும். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆகவே, வீட்டில் நாமே திறக்காமல், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கைதேர்ந்த மெக்கானிக்கிடம் பெற்றோருடன் செல்வோம். சிறு இணைப்பைச் சேர்த்தால், ஒரு கருவி குப்பைக்குப் போகாமல் பிழைக்கும்!