அமைச்சர் பேசினால் சட்டமாகிவிடுமா? துவக்கு, வேட்டை, நமது விவசாயி

அறுவடைக்கு முன்னைய மூன்று வாரங்களும் எனது வகுப்பில் சில பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். முதல் வருடம் ஏசினேன். பிறகுதான் விளங்கியது, அவர்கள் இரவில் வாப்பாவோடு வட்டையில் காவல் இருந்துவிட்டு வருகிறார்கள். நெல் பால் பிடிக்கும் நேரம் பன்றியும் வரும், யானையும் வரும். ஓர் இரவு அசந்தால் ஒரு போகம் போய்விடும்.

இப்படியான ஒரு வாப்பா அண்மையில் என்னிடம் கேட்டார்: "சேர், இனி வயலுக்குள்ள வாற எதையும் சுடலாமாமே, மந்திரி சொல்லியிருக்காராம். துவக்கும் குடுக்கப் போறாங்களாம், உண்மையா?"

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல.

பேச்சு வேறு, சட்டம் வேறு

கடந்த சில ஆண்டுகளாக இந்த விடயத்தில் அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2023இன் தொடக்கத்தில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, குரங்கு, மயில், மர அணில், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி போன்றவை பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்து நீக்கப்படுவதாகச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் கதை வந்தது. விவகாரம் நீதிமன்றம் போனதும் அப்படி ஒரு தீர்மானம் இல்லை என்றானது. 2024 டிசம்பரில் இன்றைய விவசாய அமைச்சர் கே.டி. லால்காந்த, தனது காணிக்குள் பயிரை அழிக்கும் விலங்குக்கு எதிராக விவசாயி எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்ற கருத்தில் பேசினார். 2025 மார்ச் 15 காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடங்கள் நாடு முழுவதும் குரங்கும் மயிலும் எண்ணப்பட்டன.

மறுபுறத்தில், 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. விவசாயிக்குத் துவக்குக் கொடு என்று ஒரு குரலும், இருப்பதையும் திருப்பி எடு என்று இன்னொரு குரலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

இவற்றில் எந்தப் பேச்சும் பொலிஸிடமோ நீதவானிடமோ உங்களைக் காப்பாற்றாது. அவர்கள் பார்ப்பது எழுத்தில் உள்ள சட்டத்தை மட்டுமே.

எழுத்தில் உள்ளது என்ன?

இங்கு இரண்டு சட்டங்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பலர் விடும் பிழை.

முதலாவது, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1996இன் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இதன்படி துவக்கு உங்களுடையதாக இருந்தாலும் அதை வைத்திருக்கும் உரிமை ஒரு வருடத்துக்குத்தான். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடிகிறது. வழமையாக ஒக்டோபர் முதலாம் திகதிக்கும் டிசம்பர் 31க்கும் இடையில் புதுப்பிக்க வேண்டும். தவறினால், நேற்றுவரை சட்டப்படி இருந்த துவக்கு ஜனவரி முதலாம் திகதி சட்டவிரோதத் துவக்காகிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு விண்ணப்பம் மாவட்டச் செயலகம் ஊடாகப் போகிறது. பிஸ்டல், ரிவோல்வர் போன்றவை பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ளன.

இரண்டாவது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று சொல்வது இதுதான். 2009இல் இது பெரிதாகத் திருத்தப்பட்டது. முன்னொரு காலத்தில் மான், மரை சுட அனுமதிப்பத்திரம் வாங்கலாம். இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு எவருக்கும் அனுமதி கிடையாது. யானையைச் சுடுவது பாரிய குற்றம். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. ஆனால் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ போய் எதையும் சுட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், துவக்கு அனுமதிப்பத்திரம் வேட்டைக்கான அனுமதி ஆகாது. விலங்கு பட்டியலில் இல்லை என்பதற்காகக் கள்ளத் துவக்கால் சுடவும் முடியாது. மார்க்கமும் உணவுக்காக வேட்டையாடுவதை அனுமதிக்கிறது, விளையாட்டுக்காக ஓர் உயிரைக் குறி பார்ப்பதைத் தடுக்கிறது. நமக்கு இந்தப் பிரிப்பு புதியதல்ல.

சட்டம் எட்டாத இடத்தில் கட்டுத் துவக்கு

எனது உண்மையான கவலை இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பிப்பவர் காணியை ஆவணத்தால் காட்ட வேண்டும். நமது வட்டைகளில் இரவில் காவல் இருப்பவர் யார்? பெரும்பாலும் போடியார் இல்லை. குத்தகைக்குச் செய்பவரும் கூலிக்குக் காவல் இருப்பவரும்தான். உறுதி போடியாரின் அலுமாரியில் இருக்கும். சட்டப்படி துவக்கு எடுக்கக்கூடியவர் வீட்டில் தூங்குகிறார், யானைக்கு முன்னால் நிற்பவரிடம் ஒரு டோர்ச் லைட்டும் இரண்டு யானை வெடியும்தான்.

இந்த இடைவெளியில்தான் கட்டுத் துவக்கும், சட்டவிரோத மின்கம்பியும், 'ஹக்க பட்டாஸ்' என்னும் வாய்வெடியும் நுழைகின்றன. கட்டுத் துவக்குக்குப் பன்றி, மாடு, மனிதன் என்ற வித்தியாசம் தெரியாது. கம்பியில் எந்தக் கால் பட்டாலும் வெடிக்கும். விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், சில நேரம் அதைக் கட்டியவரே காலை இழக்கிறார். வாய்வெடியைக் கடித்த யானைக்குட்டி தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். 2024இல் மட்டும் இந்நாட்டில் 388 யானைகளும், யானைகளால் 155 மனிதர்களும் இறந்தார்கள்.

எனவே புதிய சட்டம் வருமானால், "துவக்குக் கொடுப்பதா, பறிப்பதா" என்ற ஒற்றைக் கேள்வியில் அது நின்றுவிடக் கூடாது. இரவில் வயலில் நிற்பவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதுதான் கேள்வி. மின்வேலியா, விவசாய சங்கத்தின் பொறுப்பில் பதிவு செய்த பொதுத் துவக்கா, உரிய நேரத்தில் கிடைக்கும் நட்டஈடா? இவற்றுக்கு விடை இல்லாமல் தண்டனையை மட்டும் கூட்டினால், கட்டுத் துவக்கு இன்னும் ஆழமாகக் காட்டுக்குள் ஒளியும். துவக்கை மட்டும் தாராளமாகக் கொடுத்தால், அது நாளை ஊர்ச் சண்டைக்குள் வரும்.

நமக்கு ஏன் இது கூடுதலாகப் பாரமாகிறது?

எனது சாச்சாவிடம் ஒரு பழைய பற்றுச்சீட்டு இருக்கிறது. எண்பதுகளில் யுத்தம் தொடங்கிய நேரம், இயக்கம் வந்து கேட்பதற்கு முன்னர் அவர் தனது துவக்கைக் கொண்டுபோய் அரச தரப்பிடம் ஒப்படைத்தார். துவக்கு திரும்பி வரவே இல்லை. 1990க்குப் பிறகு, அதே ஊரில் இளைஞர்களின் கையில் ஊர்காவல் படைத் துவக்கைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருதுச் சம்பவத்துக்குப் பின்னர், வீட்டில் உள்ள கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று பயந்த நாட்களையும் கண்டோம்.

ஆயுதம் சம்பந்தப்பட்ட சட்டத்தில் ஒரு சிறிய எழுத்துப் பிழைகூட நமது பிரதேசத்தில் ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வைக்கலாம். அதனால்தான் கடைத்தெருக் கதையை நம்பி எவரும் துவக்கைத் தொடக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

சட்டமூலத்தைப் பின்தொடர்வது எப்படி?

எந்தச் சட்டமூலமும் முதலில் வர்த்தமானியில் வெளியாகும். தமிழிலும் வெளியாகும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதன் பின்னரே அது பாராளுமன்ற ஒழுங்குப்பத்திரத்தில் சேரும். அப்படிச் சேர்ந்த பின், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரைப்படி குறிப்பிட்ட சில நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் அதைக் கேள்விக்குட்படுத்தலாம். சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமானதும் அந்தக் கதவு மூடிவிடும். 80ஆம் உறுப்புரையின்படி, நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

ஆகவே நேரம் குறைவு. சட்டமூலம் வந்தால் நமது விவசாய சங்கங்களும் வட்டை விதானைமாரும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒரு நாள் கூடி, ஒரு சட்டத்தரணியை வைத்து அதை வாசிக்க வேண்டும். குத்தகைக்காரருக்கு அதில் இடம் உண்டா, புதுப்பிக்கத் தவறிய விவசாயிக்கு அவகாசம் உண்டா, ஒப்படைக்கும் துவக்குக்கு என்ன உத்தரவாதம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு நமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த வாப்பாவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இப்போதைக்கு எதையும் நம்பிச் சுட வேண்டாம். வர்த்தமானி வந்தால் நானே வந்து வாசித்துச் சொல்கிறேன்." அவர் சிரித்துவிட்டு, "அதுவரைக்கும் நெல்லு நிக்குமா சேர்?" என்று கேட்டார்.

சட்டம் எழுதுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.