சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

2000 முதல் 2006 வரை பிஎம்டபிள்யூ தயாரித்த இ46 வகை எம்3 கார்கள் இன்று இருபது வயதைத் தொட்டும் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர்கள் மயங்குவது அதன் எஸ்54 எஞ்சினில். வரிசையாக ஆறு சிலிண்டர், 3,246 சிசி, 343 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை விரட்டலாம். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்குச் சராசரியாக 24 மீட்டர் ஏறி இறங்குகிறது. இத்தனையையும் தாங்கும் வார்ப்பிரும்பு பிளாக் இருபது ஆண்டில் அசைந்து கொடுப்பதில்லை. அசைவது, ஒரு உலோகத்துக்கும் இன்னொரு உலோகத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்.

புதிய கேஸ்கெட்டை இரு விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும். இறுக்கிய போல்ட்டுக்கு எதிராக அது காட்டும் இந்தத் திமிறல்தான் எண்ணெயை உள்ளே நிறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரப்பர் தன் மென்மையை இழக்கிறது. அமுங்கிய வடிவமே அதன் வடிவமாகிவிடுகிறது. பழைய எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து கழற்றிய கேஸ்கெட்டை வளைத்துப் பாருங்கள், மடங்காது, படக்கென்று ஒடியும். அதிகம் ஓட்டாமல் ஷெட்டில் வைத்திருந்த கார் கசியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. ரப்பருக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வயதுக் கணக்கும் இருக்கிறது.

கீழே சொட்டு விழுந்தால் முதலில் அது எஞ்சின் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். இ46 கார்களில் பவர் ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டியும் அதன் குழாய்களும் கசிவது மிகச் சாதாரணம். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு. கூலன்ட் இனிப்பு வாடை அடிக்கும். எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியான பிறகும் தரையில் இருக்கும் கறை எதையும் சொல்லிவிடாது. ஓட்டு வீட்டில் கூடத்தில் தண்ணீர் சொட்டினால் உடைந்த ஓடு நேர் மேலேயா இருக்கிறது? எண்ணெயும் அப்படித்தான். மேலே கசிந்து, பிளாக்கின் மேடு பள்ளங்களில் வழிந்து, கார் ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, எஞ்சினின் கடைக்கோடியில் வந்து சொட்டும். அதனால் தேட வேண்டியது ஈரமாக இருப்பவற்றுள் ஆக மேலே, ஆக முன்னே இருக்கும் இடத்தை.

இதைத் தவறவிட்டால் செலவு எங்கே போகும் என்பதற்கு இந்த எஞ்சினே நல்ல உதாரணம். டேப்பட் கவரின் பின் விளிம்பு, டாஷ்போர்டுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அங்கே கசியும் எண்ணெய் சிலிண்டர் ஹெட்டின் முதுகில் வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மூட்டில் சொட்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். முதலாவதைச் சரிசெய்ய மேல்மூடியைக் கழற்றினால் போதும். இரண்டாவதற்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார், எஞ்சினைக் கழுவுவார். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து, சிறிது தூரம் ஓட்டவிட்டு, விளக்கோடு குனிந்து பார்ப்பார். ஊற்று எது, ஓடை எது என்று அப்போது தெரிந்துவிடும்.

டேப்பட் கவர் வேலை இந்தக் காரில் ஒருவகையில் லாபம். எஸ்54-இல் வால்வு இடைவெளி தானாகச் சரியாவதில்லை. மூடியைத் திறந்து கையால் அளந்து, தேவையான இடத்தில் மெல்லிய ஷிம்களை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்ளிழுப்பு வால்வுக்கு 0.18 முதல் 0.23 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.28 முதல் 0.33. எப்படியும் திறக்கப்போகிற மூடிக்கு அன்றைக்கே புது கேஸ்கெட் போடாமல் விடுவது வீண் கஞ்சத்தனம். வெளிச் சுற்றுக்கு ஒரு கேஸ்கெட் என்றால், ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றி உள் கேஸ்கெட்டுகளும் உண்டு. அவை போனால் தரையில் சொட்டே விழாது. எண்ணெய் குழியில் தேங்கி, இக்னிஷன் காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்து, ஒரு சிலிண்டர் அடிக்கடி விட்டுவிட்டு எரியும்.

பொருத்தும்போது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பின்புறம் அரைவட்டமாக வெட்டிய மூலைகளும், முன்னால், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் பெட்டி ஹெட்டோடு சேரும் கோடும். அங்கே மட்டும் ஒரு துளி சீலன்ட் வேண்டும். சுற்றிலும் பூசினால் பிதுங்கிய மிச்சம் உள்ளே உதிர்ந்து, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஆயில் வடிகட்டி வலைக்குப் போய்ச் சேரும். இன்னொன்று, இறுக்குவது. மூடியின் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ தொங்கினால் வரும் முறுக்கு அவ்வளவுதான். கசிகிறதே என்று இன்னும் ஒரு சுற்று திருகினால் அலுமினியத்தின் மரை கையோடு வந்துவிடும்.

புது கேஸ்கெட் போட்டும் கசிந்தால், எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அதை எண்ணெயிலிருந்து பிரித்து மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்பும் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஈரம் தெரிகிற எஞ்சினில் எனக்கு முதல் சந்தேகம் இந்தக் குழாய்மேல்தான்.

பின்பக்க சீல்தான் குற்றவாளி என்று ஆகிவிட்டால் ஒரு எச்சரிக்கை: டெஃப்லான் உதடு கொண்ட சீல்களை எண்ணெய் தடவாமல் உலர்வாகத்தான் மாட்ட வேண்டும். எல்லா சீலுக்கும் எண்ணெய் தொட்டு வைத்துப் பழகிய கைக்கு இது வராது.

கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சில காலம் உப்ப வைக்கும், ஒடிந்ததை ஒட்டவைக்காது. கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்காக 2003-இல் தயாரிப்பாளரே கார்களைத் திரும்ப அழைத்த எஞ்சின் இது; அதற்கென்று சொன்ன 10டபிள்யூ-60 ஆயிலில் நான் எதையும் கலக்கச் சொல்ல மாட்டேன்.

எல்லாக் கசிவுக்கும் ஓட வேண்டியதில்லை. டேப்பட் கவரின் வெளியேற்றும் பக்கத்திலிருந்து கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய்மேல் விழும் எண்ணெய் தீக்கு வழி. அதை உடனே பார்க்க வேண்டும். ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட்டையும் தள்ளிப்போடக் கூடாது, அங்கே பம்பின் முழு அழுத்தமும் இருக்கிறது. சின்ன விரிசலும் வேகமாகக் காலியாக்கும். ஆயில் சம்ப் கேஸ்கெட் வெறுமனே வியர்த்தால் விட்டுவைக்கலாம். கேஸ்கெட் விலை சொற்பம். ஆனால் எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சப்ஃபிரேமை இறக்கினால்தான் சம்ப் வெளியே வரும். அதே சம்பைக் கழற்றினால்தான் ராடு பேரிங்குகளும் கைக்கு எட்டும். பேரிங் மாற்றும் நாள்வரை அவ்வப்போது துடைத்து, ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.