ஏட்டில் இல்லாத மரபணு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரி டெல்டாவின் சம்பா வயல் மூழ்கினால், விவசாயி நாட்களை எண்ணத் தொடங்குவார். மூன்று நான்கு நாளில் தண்ணீர் வடிந்தால் பயிர் தலையெடுத்துவிடும். ஒரு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் அழுகிப்போகும்.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான். ஆனால் தலை மூழ்கினால் காற்றைத் தேடி அவசரமாக நீள்கிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே செலவழிக்கிறது. வெள்ளம் வடியும்போது நிமிர்ந்து நிற்கத் தெம்பிருப்பதில்லை.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் இதற்கு நேர்மாறானது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, மூச்சடக்கிக் காத்திருக்கும். இரண்டு வாரம் கழித்து வெள்ளம் வடிந்தாலும், மிச்சம் பிடித்த சத்தைக் கொண்டு புதிதாகத் துளிர்க்கும். விளைச்சல்தான் குறைவு. அதை நல்ல ரகங்களோடு கலந்தபோது, வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன.

1996இல் கெனோங் ஷூ, டேவிட் மெக்கில் என்ற விஞ்ஞானிகள் வெள்ளம் தாங்கும் குணத்துக்குக் காரணமான பகுதி நெல்லின் 9ஆவது குரோமோசோமில் இருப்பதைக் கண்டார்கள். 2006இல், பமேலா ரொனால்டும் இடம்பெற்ற ஆய்வுக் குழு மரபணுவையே அடையாளம் காட்டியது. அதன் பெயர் சப்1ஏ. மூழ்கிய பயிருக்குள் தேங்கும் எத்திலீன் வாயு இந்த மரபணுவைத் தூண்டுகிறது. தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் ஹார்மோனின் வேலையை அந்த மரபணு அடக்கிவைக்கிறது.

இதற்கு முந்தைய ஆண்டுதான், 2005இல், பன்னாட்டு விஞ்ஞானிகள் நெல்லின் மரபணுத்தொகுதியை வாசித்து வெளியிட்டிருந்தார்கள். இந்தியாவும் அந்தப் பணியில் பங்கேற்றது. அவர்கள் வாசித்தது ஜப்பானின் நிப்பான்பாரே ரகத்தை. சுமார் 38.9 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட அதுவே நெல் ஆராய்ச்சிக்கு மூல ஏடானது. ஆனால் நிப்பான்பாரேயில் சப்1ஏ கிடையாது. அந்த ஏட்டை முதலிலிருந்து கடைசி வரை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாலும், வெள்ளத்தைத் தாங்கும் வழி தென்பட்டிருக்காது. பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் வேரைச் செழிக்க வைக்கும் பிஸ்டால்1 மரபணுவின் கதையும் இதுதான். 2012இல் அதைக் கண்டுபிடித்தது கசலத் என்ற பாரம்பரிய நெல்லில். நிப்பான்பாரேயில் அதுவும் இல்லை.

ஒரு வீட்டுக்காரரை விசாரித்துவிட்டு ஊர்க்கதை முழுவதையும் எழுதிவிட முடியுமா? அதனால்தான் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து 89 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,000 நெல் வகைகளின் மரபணுத்தொகுதிகளை வாசித்தன. 2014இல் தரவுகள் பொதுவுக்கு வந்தன. 2018இல் வெளியான ஆய்வு, ரகத்துக்கு ரகம் எழுத்து மாறும் இடங்கள் சுமார் 2.9 கோடி என்றது. அதுவரை அறியப்படாத 10,000க்கும் மேற்பட்ட மரபணுக்களையும் அது பட்டியலிட்டது. இந்த வேறுபாடுகளை எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

இதனால் வயலுக்கு என்ன பயன்? மரபணு இருக்கும் இடம் தெரிந்தால், அதன் பக்கத்திலுள்ள எழுத்து மாற்றத்தையே அடையாளக் குறியாகக் கொள்ளலாம். நாற்றிலிருந்து ஓர் இலைத் துணுக்கைக் கிள்ளிச் சோதித்தால் குணம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையையும் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வேண்டாத குணங்களைக் கழிப்பதும் எளிதாகிறது. இப்படித்தான் ஆந்திரத்தின் ஸ்வர்ணா ரகத்தில் சப்1ஏ சேர்ந்தது. ஸ்வர்ணா சப்1 2009இல் இந்தியாவில் சாகுபடிக்கு வந்தது. டெல்டா விவசாயிகள் நன்கறிந்த சி.ஆர்.1009 ரகமும் சி.ஆர்.1009 சப்1 ஆனது இந்த முறையில்தான். இரண்டுமே நெல்லோடு நெல்லைக் கலந்து உருவாக்கியவை. மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல.

வறட்சியைத் தாங்கும் குணம் இவ்வளவு எளிதில் பிடிபடாது. அதில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வகிக்கின்றன. அங்கே எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. எந்த ரகம், எந்த மண்ணில், எவ்வளவு மழையில், எத்தனை மூட்டை கொடுத்தது என்ற வயல் கணக்கும் வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால்தான் எந்தச் செடி பிழைக்கும் என்று கணிக்க முடியும். ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் முன்னின்று 2017இல் வெளியிட்ட கம்பு மரபணுத்தொகுதி ஆய்வு, ஒரு ரகத்தோடு நிற்காமல் 994 கம்பு வகைகளை வாசித்ததும் இத்தகைய ஆராய்ச்சிக்கு அடித்தளம் போடத்தான்.

கணினியில் உள்ள தரவை விதைக்க முடியாது. எஃப்.ஆர்.13ஏ விதையை யாரோ பாதுகாத்ததால்தான் சப்1ஏ கிடைத்தது. மூழ்கினாலும் சாகாத நெல் அது என்று யாரோ கவனித்ததால்தான் விஞ்ஞானிகள் அதைத் தேடிப்போனார்கள். மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்து, விவசாயிகளிடம் பரப்பியதன் மதிப்பு இங்கேதான் புரிகிறது.

உங்கள் ஊரில் பழைய நெல்லோ கம்போ சோளமோ யாரிடமாவது மிச்சமிருந்தால், விதையைக் காப்பாற்றுங்கள். அது எந்தப் பஞ்சத்தைத் தாங்கியது, எந்த வெள்ளத்தில் பிழைத்தது என்று அதை வைத்திருப்பவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியப்படுத்துங்கள். நாளைய பயிருக்கு வேண்டிய மரபணு அந்தக் குதிருக்குள் இருக்கலாம்.